பச்சைக் கம்பியும் ஒருவழி நெருப்பும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சாண்ட்லர் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக் கூரையில் இருந்த பழைய பெட்டியை எடுத்துவிட்டுக் கோடையில் புதியதை வைத்தார்கள். ஒரே பெட்டிக்குள் மின்சாரத்தால் குளிரூட்டும் பகுதியும் எரிவாயுவால் சூடாக்கும் பகுதியும் சேர்ந்திருக்கும் வகை அது. ஏசி குறையில்லாமல் ஓடியது. டிசம்பரில் முதல் குளிர் இரவில் ஹீட்டரைப் போட்டால் தீ பற்றுகிறது, ஐந்தாறு நொடியில் அணைகிறது. மறுபடி பற்றி மறுபடி அணைகிறது. மூன்றாவது முறைக்குப் பிறகு பெட்டி அசைய மறுக்கிறது. சரிபார்க்க வந்தவர் உள்ளே ஒரு பச்சைக் கம்பியைக் கழற்றி, அது பொருந்தியிருந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, திருகை மறுபடி முடுக்கினார். பத்து நிமிட வேலை. பில்லைப் பார்த்து வாசகருக்கு வயிறு எரிந்திருக்கிறது. "எர்த் கம்பி ஷாக் அடிக்காமல் இருக்கத்தானே? அதற்கும் நெருப்பு அணைவதற்கும் என்ன சம்பந்தம்? என்னை ஏமாற்றிவிட்டார்களா?"

ஏமாற்றவில்லை. அந்தப் பச்சைக் கம்பி வழியாகத்தான் நெருப்பு தான் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை விளக்க முதலில் கூரை மேல் ஏற வேண்டும்.

ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் வெயில் எப்படி என்பதற்கு ஒரே கணக்கு போதும்: 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ச்சியாக வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. அதே ஊரில் குளிர்கால இரவுகளில் ஹீட்டரும் வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்துக் கூரையில் வைத்துவிடுகிறார்கள். ஏறத்தாழ இருநூறு கிலோ எடை. கிரேன்தான் தூக்கி வைக்கும். கீழே வீட்டுக்குள் குளிர்காற்றோ வெப்பக்காற்றோ ஒரே குழாய்களில்தான் போகிறது. பெட்டியைத் தென்கிழக்கில், அக்னி மூலையில், வைத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது என்று ஊரிலிருந்து உறவினர் ஒருவர் சொன்னதாகவும் வாசகர் எழுதியிருக்கிறார். எடையைத் தாங்கும் உத்தரமும் காற்றுக்குழாயும் எரிவாயுக் குழாயும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் பெட்டி உட்காரும். அக்னி பகவான் அதற்குக் கோபித்துக்கொண்டதாக எந்தப் பதிவும் இல்லை.

எரிவாயு இணைப்பில் கையால் அடைக்கும் வால்வு ஒன்றும், குழாயில் வரும் தூசும் துருவும் தங்குவதற்குக் கீழ்நோக்கி நீட்டிய சிறு குழாய்த்துண்டு ஒன்றும் இருக்கும். கசிவைச் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறார்கள். நம் ஊரில் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதற்கு அண்ணன் முறை. குளிர்ச்சுருளில் வடியும் நீர் வெளியேறும் குழாயில், கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருப்பதுபோல ஒரு வளைவு வைக்க வேண்டும். விசிறி அந்த இடத்தில் காற்றை உறிஞ்சுவதால், வளைவில் தேங்கும் நீர் இல்லாவிட்டால் வெளிக்காற்று குழாய்க்குள் ஏறும். நீர் இறங்காது, தட்டு நிரம்பி வழியும். இதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் இருப்பதுதான்.

மின் இணைப்பு இரண்டு வகை. ஒன்று, 240 வோல்ட். அமெரிக்க வீடுகளுக்கு வரும் மின்மாற்றியில் நடுவில் ஒரு முனை எடுத்திருப்பார்கள். அந்த நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 120 வோல்ட், இரு முனைகளுக்கும் இடையே 240. கம்ப்ரசருக்கும் விசிறிகளுக்கும் இந்த இரு முனைக் கம்பிகளும் போதும், நியூட்ரல் தேவையில்லை. கூடவே எர்த் கம்பி. பெட்டிக்கு அருகில், கண்ணில் படும் தூரத்தில், மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். கூரையில் வேலை செய்பவரின் உயிர் கீழ்த்தளத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் கையில் இருக்கக் கூடாது அல்லவா.

இரண்டாவது, 24 வோல்ட். அறையின் வெப்பத்தைப் பார்த்து ஏசிக்கும் ஹீட்டருக்கும் உத்தரவு போடும், சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டிலிருந்து ஐந்து மெல்லிய கம்பிகள் வருகின்றன. முனைகளின் பெயர்கள் ஆங்கில நிறப்பெயர்களின் முதல் எழுத்துகள்: ஆர் சிவப்பு, அதில்தான் மின்சாரம் வருகிறது; டபிள்யூ வெள்ளை, சூடாக்கு; ஒய் மஞ்சள், குளிரூட்டு; ஜி பச்சை, விசிறியை ஓட்டு. மின்சாரம் திரும்பும் பொதுக்கம்பி சி மட்டும் நிறப்பெயருக்கு அடங்காதது. பெரும்பாலும் நீலமாக இருக்கும். தெர்மோஸ்டாட் செய்வதெல்லாம் ஆர் முனையை டபிள்யூ, ஒய், ஜி மூன்றில் தேவையானவற்றோடு சேர்ப்பதுதான். (இந்த ஜி பச்சை வேறு, நம் கதையின் பச்சை வேறு.)

வெள்ளைக் கம்பியில் மின்சாரம் வந்தவுடன் வாயு திறந்துவிடாது. முதலில் ஒரு சிறு விசிறி எரியறையில் தங்கியிருக்கும் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும். அது உண்மையிலேயே இழுக்கிறதா என்று ஓர் அழுத்தச் சுவிட்ச் சாட்சி சொல்லும். பிறகுதான் தீப்பொறி, பிறகுதான் வாயு. இப்போது இதையெல்லாம் வரிசையாக நடத்தும் மின்னணுச் சுற்று, அதாவது கட்டுப்பாட்டுப் பலகை, எதிர்கொள்ளும் கேள்வி: தீ பற்றியதா, இல்லையா?

விளையாட்டுக் கேள்வி இல்லை. மணிக்கு 80,000 பிடியூ (அங்கே வெப்பத்தை அளக்கும் அலகு) திறன் கொண்ட ஹீட்டர் என்றால் சுமார் 23 கிலோவாட். நம் சமையலறையின் பெரிய பர்னர்கள் பத்து ஒன்றாக எரிவது போல. அது நொடிக்கு அரை லிட்டருக்கு மேல் இயற்கை எரிவாயுவைக் குடிக்கும். தீ இல்லாமல் ஒரு நிமிடம் வால்வு திறந்திருந்தால் முப்பது லிட்டருக்கு மேல் எரியாத வாயு சேரும். அதன் பிறகு ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

பழைய ஹீட்டர்களில் சூட்டை வைத்துத் தீயைக் கண்டுபிடித்தார்கள். தீ அணைந்த பிறகும் உலோகம் சூடாகவே இருக்கும். ஆறுவதற்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும். வெளிச்சத்தை வைத்துப் பார்க்கலாம் என்றால், பழுக்கக் காய்ந்த தகடும் ஒளிரும். இந்தப் பெட்டியில் இருப்பது இன்னொரு வழி. அதைப் படித்த நாள் முதல் எனக்கு அதன் மேல் தீராத காதல்.

தீச்சுடர் மின்சாரத்தைக் கடத்தும். மீத்தேன் எரியும்போது இடையில் தோன்றும் சி-எச் என்ற துண்டு (ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன்) ஓர் ஆக்சிஜன் அணுவோடு சேர்கையில் சில சமயம் ஓர் எலக்ட்ரானை உதறிவிட்டு நேர்மின் அயனியாகிறது. அது அருகில் இருக்கும் நீர் மூலக்கூறுக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆக, சுடருக்குள் இரண்டு கூட்டம்: எலக்ட்ரான்கள், அவற்றைவிட ஏறத்தாழ 35,000 மடங்கு எடைகொண்ட நீர் அயனிகள். தேரோட்டத்தன்று வீதியில் ஓடும் சிறுவர்களும் தேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவார்கள். தேர் நகர்ந்தால்தான் ஊர்வலம் நகரும்.

இப்போது சுடருக்குள் ஒரு மெல்லிய உலோகக் குச்சியை நீட்டி, அதற்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். பல பலகைகளில் நூறு வோல்ட்டை ஒட்டியது. சுடரின் மறுபக்கம் பர்னர். அது பெட்டியின் உடலோடு இணைந்த பெரிய உலோகப் பரப்பு. குச்சி நேர்முனையாகும் அரைச்சுற்றில் எலக்ட்ரான்கள் துள்ளி அதனிடம் ஓடிவிடும். கனமான அயனிகள் பர்னரை நோக்கிப் போக வேண்டும். அது அகலமாகச் சுடரின் அடியிலேயே இருப்பதால் ஏராளமான அயனிகள் சென்று சேரும். அடுத்த அரைச்சுற்றில் குச்சி எதிர்முனை. இப்போது அயனிகள் அந்த ஒற்றைக் குச்சியைத் தேடிப் போக வேண்டும். குச்சியின் பரப்பு சிறியது, தேர்கள் மெதுவானவை, அவை வந்து சேர்வதற்குள் சுற்றும் திரும்பிவிடும். சிலவே சேரும்.

ஆக ஒரு திசையில் அதிகம், மறு திசையில் சொற்பம். பள்ளியில் படித்த டையோடு செய்யும் அதே வேலையை நெருப்பு செய்கிறது. போனது மாறுதிசை மின்னோட்டம், வந்ததில் ஒரு நேர்திசைச் சாய்வு. இந்தச் சாய்வு தெளிவாகத் தெரிய, பர்னர் பக்கப் பரப்பு குச்சியைவிடக் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு.

கிடைக்கும் நேர்திசை மின்னோட்டம் ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரோ ஆம்பியர். ஒரு சாதாரண எல்இடி விளக்கு கேட்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பலகை இந்தச் சாய்வை மட்டுமே நம்புகிறது. குச்சியின் கம்பி அறுந்தால் மின்னோட்டமே இல்லை: தீ இல்லை. குச்சி வளைந்து பர்னரைத் தொட்டால் இரு திசையிலும் சமமாக ஓடும்: சாய்வு இல்லை, ஆகவே தீ இல்லை. ஈரமோ கரியோ படிந்து மின்சாரம் கசிந்தாலும் சமமாகத்தான் கசியும். குச்சி சூடாக இருந்தாலும் பயனில்லை. பொய்ச்சாட்சி சொல்ல வரும் ஒவ்வொன்றும் "தீ இல்லை" என்ற பக்கமே விழுகிறது, வால்வு மூடிக்கொள்கிறது. இதை முதலில் யோசித்தவரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

வாசகரின் பச்சைக் கம்பிக்கு வருகிறேன். பலகையிலிருந்து குச்சிக்குப் போன மின்னோட்டம் சுடர் வழியாகப் பர்னருக்கும் பெட்டியின் உடலுக்கும் வந்துவிட்டது. பலகைக்குத் திரும்ப ஒரு வழி வேண்டும். உடலிலிருந்து பலகைக்குப் போகும் பச்சைக் கம்பிதான் அந்த வழி. பெட்டியைப் பொருத்தியவர் அதைத் திருகியபோது முனைவளையம் பெயிண்டின் மேலேயே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. சில ஓம் தடை என்றால் இந்தச் சுற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. சுடரின் தடையே பல மெகா ஓம். ஆனால் பெயிண்ட் முழுக் காப்பான். நெருப்பு உண்மையாகவே எரிந்தது, சாட்சியும் சொன்னது. சாட்சி நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரவில்லை. கம்ப்ரசருக்கு இந்தக் கம்பியோடு உறவே இல்லை என்பதால் ஏசிக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாலைந்து ஆண்டு ஓடிய பெட்டியில் இதே நோய் வந்தால் பெரும்பாலும் காரணம் குச்சிதான். தூசியில் உள்ள சிலிக்கன் சேர்மங்கள் சுடரின் சூட்டில் குச்சியின் மேல் கண்ணாடிப் படலமாகப் படிகின்றன, கண்ணாடியும் காப்பான். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் மெல்லத் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், கீறல்களில் படலம் இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

நெருப்பை மின்னேற்றம் பெற்ற பொருளின் அருகே கொண்டுபோனால் அதன் ஈர்ப்பு போய்விடுவதை இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் 1600-ஆம் ஆண்டிலேயே கவனித்திருக்கிறார். வெறும் ஆர்வம்தான். நம் ஊர் ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களில் "உடனடிச் சமூகப் பயன்" என்று ஒரு கட்டம் உண்டே, அதில் அவர் என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சுடர் அயனிகளை எண்ணும் அதே வித்தையை வைத்து 1950-களில் ஒரு கருவி பிறந்தது. இன்று ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹால் எவ்வளவு என்று தடயவியல் ஆய்வகங்கள் அளப்பது பெரும்பாலும் அதில்தான்.

வாசகரின் பில்லில் ஒரு வரி எழுதியிருந்ததாம், என்னவென்று புரியவில்லை என்று படமெடுத்து அனுப்பியிருந்தார்: "முன் 0.0, பின் 3.4". குச்சிக்கும் பலகைக்கும் நடுவே மீட்டரைக் கோத்து அளந்த மைக்ரோ ஆம்பியர் அது.