கடனைக் கட்டியாயிற்று, அறிக்கையில் முடிந்திருக்கிறதா?

சம்பா அறுவடையாகி நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், தஞ்சை, திருவாரூர் பகுதிகளில் பலர் முதல் வேலையாக வங்கிக் கடனைக் கட்டி நகையை மீட்கிறார்கள். கட்டிய ரசீது பீரோவில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அடுத்த கடனுக்குப் போகும்போதோ, நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் பதிந்து வைக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையைத்தான் வங்கி பார்க்கிறது.

கும்பகோணத்தில் தணிக்கைத் தொழில் செய்யும் என்னிடம் வந்த பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர், டிராக்டர் கடனின் கடைசித் தவணையைக் கட்டியபின், அதில் சேர்ந்திருந்த நானூற்றுச் சொச்சம் ரூபாய் வட்டி பாக்கியாக நின்றுபோனதை அறியவில்லை. கணக்கு முடிக்கப்படாமல் மாதக்கணக்கில் நிலுவை என்றே பதிவாகி, அவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டியிருந்த மகளின் கல்விக் கடன் அதனால் தடைப்பட்டது. ஆகவே கடைசித் தொகையைக் கட்டும்போதே கணக்கை முடிக்கச் சொல்லி, 'பாக்கி இல்லை' சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பேசிக் குறைத்துக் கட்டிய கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்றே நிற்கும். முழுதாகக் கட்டியதற்கு அது ஈடாகாது. மைத்துனருக்கு ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் தலைப்பெழுத்துகள் தரும் தொல்லை தனி. பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாகவும் ஆதாரில் தலைப்பெழுத்து மட்டுமாகவும் இருக்க, ஒரே பெயரும் தலைப்பெழுத்தும் கொண்ட இன்னொருவர் அதே ஊரில் இருந்துவிட்டால், அவருடைய கடன் உங்கள் அறிக்கையில் ஏறிவிட வாய்ப்புண்டு. அறிக்கையில் உங்கள் கடன் நடத்தைக்குத் தரப்படும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், பான் எண், பிறந்த தேதி, கைபேசி எண், ஒவ்வொரு கடன் கணக்கு என வரிவரியாகப் படிக்க வேண்டும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை இந்நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டியிருப்பதால், முடித்த கடன் இரண்டு மாதம் கழித்தும் நடப்பிலிருப்பதாகக் காட்டினால் வங்கியிடமோ அந்த நிறுவனத்திடமோ புகார் செய்யத் தயங்க வேண்டாம். புகார் 30 நாளுக்குள் தீராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமையுண்டு. வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். கிளை மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால், அந்த 30 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது என்று பின்னர் காட்ட முடியாது. எழுத்தில் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.