சுருங்க மறுக்கும் ஒளியும் பெயின்ட்டும்

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 11.23 மீட்டர். மாதிரி விமானமாக அதை 72-ல் ஒரு பங்காக்கினால் 15.6 சென்டிமீட்டர், உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளலாம். ஆறடிக்கு ஓர் அங்குலம் என்பதுதான் இந்த 72-இன் கணக்கு. எது நம் விமானம், எது எதிரி விமானம் என்று வீரர்களுக்குக் கற்றுத்தர, 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களைக் கொண்டு மரத்தில் மாதிரிகளைச் செய்வித்தபோதும் இதே அளவுதான்.

விமானத்தின் வடிவத்தைச் சுருக்கித் தருவது அச்சு வார்க்கும் தொழிற்சாலை. ஆனால் பசையின் மூலக்கூறும், பெயின்ட் துளியும், அறையின் வெளிச்சமும் அதோடு சேர்ந்து சுருங்குவதில்லை. மாதிரி விமானம் செய்வதன் சுவை முழுவதும் இந்த முரண்பாட்டைச் சமாளிப்பதில்தான் இருக்கிறது.

பாகங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றுக்கான திரவப் பசை ஒரு கரைப்பான். அது பட்ட இடத்தில் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்ந்து, எதிர்ப்பக்கச் சங்கிலிகளோடு பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டு பாகங்களும் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடும். பசையைப் பூசிவிட்டு ஒட்டத் தேவையில்லை. உடற்பகுதியின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, இணைப்புக் கோட்டைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும். குறுகிய இடுக்கில் திரவத்தை ஏறவைக்கும் நுண்புழை விசை பசையை நீளவாக்கில் உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு நைசான உப்புத்தாளால் தேய்த்தால் கோடு மறையும். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆவி நல்லதல்ல.

அடுத்தது பெயின்ட். இங்கேதான் சுருங்காத பொருளின் தொல்லை முழுதாகத் தெரிகிறது. தூரிகையால் பூசிய பூச்சு 0.05 மில்லிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 72-ஆல் பெருக்கினால் 3.6 மில்லிமீட்டர், அசல் விமானத்தின் அலுமினியத் தகட்டையே மிஞ்சும் தடிமன்! அசலில் இவ்வளவு சிறிய மேடுகூடப் பெரிய விஷயம். ஸ்பிட்ஃபயரின் தகடுகளை இணைக்கும், மேடு தெரியாமல் மழமழப்பாகப் பதித்த ரிவெட்டுகள் மீது உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகம் குறைந்தது. மாதிரியில் அதே மேடு பூச்சுக்கு அடியில் புதைந்துபோகும். அதனால்தான் ஏர்பிரஷ்: காற்றழுத்தம் பெயின்ட்டை நுண்துளிகளாகச் சிதறடிக்க, மெல்லிய படலங்களாக ஏற்றலாம். கருவியைத் தள்ளிப் பிடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாகும். நெருக்கிப் பிடித்தால் வழியும்.

மேற்புறம் கரும்பச்சையும் மண்பழுப்பும். அசலின் அதே நிறத்தைக் கலந்து அடித்தாலும் மாதிரி இருண்டு தெரியும். அசலுக்கும் நம் கண்ணுக்கும் இடையில் உள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்வதை மாதிரியில் காட்ட முடியாததே காரணம் என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், அசலை 21.6 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம்; அந்தத் தூரத்தில் காற்று என்ன வெளிறச் செய்துவிடும்? வெயிலில் வெளிச்சம் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வரை இருக்கும். வீட்டறையில் சில நூறுதான். மங்கிய ஒளியில் நிறத்தின் உயிர்ப்பு குறைகிறது. போதாததற்கு, சிறிய பரப்பில் பூசிய நிறம் பெரிய பரப்பில் பூசியதைவிட இருண்டதாகக் கண்ணுக்குப் படுகிறது. ஆகவே சிறிது வெள்ளை கலக்க வேண்டும். எவ்வளவு என்பதை மாதிரி நிற்கப்போகும் இடத்தின் விளக்கடியில் வைத்துப் பார்த்து முடிவுசெய்வதே சரி.

கடைசியில் அடையாள எழுத்துகள். 1940-ல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-ஆம் படைப்பிரிவு பின்னர் மெட்ராஸ் மாகாணத்தின் பெயரையும் தாங்கியது. அதன் குறி 'ஏ இசட்'. நீரில் நனைத்து நழுவவிடும் டீகாலாக, அதாவது மெல்லிய படலத்தில் அச்சிட்ட ஒட்டுப்படமாக, இவை வரும். தாளில் உள்ள பசை நீரில் கரைந்து படலத்தை விடுவிக்கிறது. ஆனால் பளபளப்பில்லாத பெயின்ட் நுண்ணளவில் மேடுபள்ளம். அதன்மேல் நேராக ஒட்டினால் பள்ளங்களில் சிக்கிய காற்று ஒளியைச் சிதறடித்து, வெள்ளிப் பூச்சுபோல் மினுங்கும். எனவே முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டீகால், எல்லாம் காய்ந்தபின் மங்கல் வார்னிஷ். மங்கல் வார்னிஷில் உள்ள நுண்துகள்கள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் படலத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் படாமலிருக்க விமானி அறையின் கண்ணாடிக் கூண்டில் ஒட்டிய மறைப்பு நாடாவை அதுவரை உரிக்கக் கூடாது. உரித்தால் அதே துகள்கள் கண்ணாடியையும் மங்கலாக்கிவிடும்.