அமர்முடுகல்: வேகத்தை உட்கார வைக்கும் சொல்

தரம் 10, 11இல் விஞ்ஞானம் படித்த எல்லாருக்கும் இந்தச் சொல் தெரியும், பரீட்சை முடிந்த கையோடு மறந்தும் போயிருக்கும். ஆனால் மலையகத்தில் ஒரு நாளைக்கு நாலு இறக்கம் இறங்கி ஏறுகிற நமக்கு இதைவிட வேண்டிய சொல் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

பொருள் எளிது. வேகம் கூடிக்கொண்டே போவது ஆர்முடுகல், குறைந்துகொண்டே வருவது அமர்முடுகல். தமிழ்நாட்டில் முடுக்கம், எதிர் முடுக்கம் என்பார்கள். சிங்களத்தில் த்வரணய, மந்தனய, இரண்டும் சமஸ்கிருத வழி. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள்தான் குறைவதற்கென்று தனியாக ஒரு தமிழ்ச் சொல்லை வைத்திருக்கின்றன, எனக்கு அதில் பெருமை உண்டு.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். முடுகு என்றால் விரைந்து செல்லுதல். செய்யுளில் வேகமாக ஓடும் சந்தத்துக்கும் முடுகு என்றே பெயர். பிறவினையானால் முடுக்கு, வேலையை முடுக்கிவிட்டார்கள் என்று இன்றைக்கும் பேசுகிறோம். ஆர் என்பது நிறைதல். வயிறார, மனமார, கண்ணார என்று சொல்கிறோமே, அதே ஆர்தான். ஆக, விரைவு நிறைந்துகொண்டே போவது ஆர்முடுகல்.

அமர் என்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். உட்காருதல், தங்குதல், அடங்குதல், அணைதல் எல்லாம் அதற்குள் இருக்கிறது. எங்கள் லயத்தில் அம்மாயி "அடுப்ப அமத்து" என்றுதான் சொல்லும், அது அமர்த்து என்பதன் பேச்சு வடிவம். எரிகிற விறகில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுவது அமத்துவது ஆகாது. கட்டையை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, நுனியைச் சாம்பலில் புரட்டி, தணல் தானாக அடங்க விட வேண்டும். அமர்முடுகல் அப்படிப்பட்டது, ஓடுகிற வேகத்தை மெல்ல மெல்ல உட்கார வைப்பது.

விரைவைச் சொல்லத் தமிழில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. கதழ்வு, துனைவு இரண்டுக்கும் விரைவு என்பதே பொருள் என்கிறது தொல்காப்பியம். கடுகுதல் இருக்கிறது, விசை இருக்கிறது, நம் ரயில் நிலையத்தில் கடுகதி ரயிலும் இருக்கிறது. (கதியும் வேகமும் வடமொழியில் இருந்து வந்தவை. நம் பாடநூலில் திசை பார்க்காத விரைவு கதி, திசையோடு சேர்ந்தது வேகம். தமிழ்நாட்டில் முதலாவதை வேகம் என்றும் அடுத்ததைத் திசைவேகம் என்றும் சொல்வதால், அங்கே அச்சான புத்தகத்தை இங்கே படிக்கிற பிள்ளை குழம்பிப் போகும்.) குறைவதைச் சொல்லத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

சரி, இதற்கும் ரோட்டுக்கும் என்ன?

என் மாமா கொழுந்து லொறி ஓட்டியவர். இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவார், எஞ்சின் உறுமத் தொடங்கும், அதற்குப் பிறகு பிரேக்கில் கால் படுவதே அபூர்வம். "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லதான் எறங்கணும் தம்பி" என்பார். கீழே வந்ததும் இறங்கிப் போய்ப் புறங்கையைச் சில்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார், தொட மாட்டார். அந்தச் சூட்டில் அவருக்கு எல்லாக் கணக்கும் தெரியும்.

அந்தக் கணக்கை நாமும் போடலாம். நுவரெலியாவில் இருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வரும்போது உயரம் 1,300 மீற்றருக்கு மேல் குறைகிறது. பத்து தொன் எடையுள்ள பஸ் ஒன்று அவ்வளவு தூரத்தையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக்கில் சேரும் வெப்பம் 350 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சூடேறிய பிரேக் உரசும் பலத்தை இழக்கிறது, மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்கள் இந்தச் சூடு முழுவதையும் பிரேக்கின் தலையிலேயே கட்டுகிறார்கள். கியரில் இறங்கினால் பெரும் பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

தூரத்தையும் பாருங்கள். மணிக்கு 54 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 15 மீற்றர். ஒவ்வொரு செக்கனும் 3 மீற்றர் வீதம் அமர்முடுகினால், சமதரையில் வண்டி நிற்க 5 செக்கனும் 37 மீற்றர் சொச்சமும் வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற இறக்கத்தில் புவியீர்ப்பு அந்த 3இல் கிட்டத்தட்ட ஒன்றைத் தின்றுவிடும், தூரம் 56 மீற்றராகிவிடும். அதே இறக்கத்தில் வேகம் பாதியாக, அதாவது 27 ஆக, இருந்தால் 14 மீற்றரே போதும். பாதி வேகத்துக்குக் கால்வாசித் தூரம்! கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற ஆட்டோவைக் கண்டபிறகு 56 மீற்றர் யாருக்கும் கிடைக்காது.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் போனார்கள். அந்த இறக்கத்தை இன்றைக்கும் கடக்கும்போது வண்டிக்குள் பேச்சு நின்றுவிடும்.

மெதுவாகச் செல்லவும் என்ற பலகையின் மேல் எனக்குள்ள குறை இதுதான். மெதுவாக என்பது ஒரு நிலை, அந்த நிலைக்கு எப்படி, எங்கே இருந்து வந்து சேர வேண்டும் என்று அது சொல்வதில்லை. பிரேக்குக்குத் தடுப்பு என்று எழுதுகிறார்கள், பொருத்தமான சொல்தான், ஆனால் அதுவும் கடைசி நேரத்துக் காரியம். வேகக் கட்டுப்பாடு, வேக முகாமைத்துவம் என்றெல்லாம் கூட்டங்களில் பேசுகிறோம். சாரதிக்குச் சொல்ல அமர்த்து என்ற வினை கையிலேயே இருக்கிறது. அமர்முடுகல் பாடநூலில் இருக்கட்டும், ரோட்டுக்கு "வேகத்தை அமர்த்தி, குறைந்த கியரில் இறங்கவும்" என்று எழுதலாம். அதையும் வளைவில் கொண்டுபோய் நட வேண்டாம். இறக்கம் தொடங்குவதற்கு முன்னால், மேட்டிலேயே நட்டால் கியர் மாற்ற நேரம் இருக்கும்.