ஹிபாகுஷா: தப்பியவரா, ஆளானவரா?

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த நாளான ஆகஸ்ட் 6 நெருங்கினால் போதும், ‘அணுகுண்டு வீச்சில் உயிர் தப்பியவர்’ என்ற தொடர் செய்திகளில் வரிசைகட்டி வந்துவிடும். 2024இல் ஹிபாகுஷாக்களின் ஜப்பானிய அமைப்பான நிஹோன் ஹிதான்கியோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்த அன்று ஏழெட்டு முறையாவது கேட்டிருப்பேன். ஹிபாகுஷா என்ற ஜப்பானியச் சொல்லுக்கு நாம் வைத்திருக்கும் தமிழ் இது. எனக்கு ஒப்பவில்லை.

ஜப்பானியத்தில் எழுதினால் இந்தச் சொல்லில் மூன்று எழுத்துகள். ஹி என்றால் படுதல், ஆளாதல். பாகு என்றால் வெடிப்பு. ஷா என்றால் ஆள். தப்பியது, பிழைத்தது எதுவும் இதில் கிடையாது. பிழைத்தவரைக் குறிக்க அவர்களிடம் செய்சொன்ஷா என்று வேறு சொல்லே இருக்கிறது.

நம் செய்திகளில் யார் உயிர் தப்புகிறார்? பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்தால் ஓட்டுநர் மயிரிழையில் உயிர் தப்புவார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார், செய்தியும் முடிந்துவிடும். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு வயது 2. நம் கணக்கில் தப்பிவிட்டாள். 1955இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது அவளுக்கு வயது 12.

ஜப்பானியச் சட்டம் யாரையெல்லாம் ஹிபாகுஷா என்கிறது என்று பாருங்கள். குண்டு வீழ்ந்த 2 வாரங்களுக்குள் உறவினரைத் தேடி, வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டருக்குள் போனவரும் ஹிபாகுஷாதான். வெடித்த நேரத்தில் அவர் ஊரிலேயே இல்லை, எதிலிருந்து தப்பினார்? அப்போது தாய் வயிற்றில் இருந்த குழந்தையும் ஹிபாகுஷா. இவர்கள் இறக்க இறக்க, ஹிரோஷிமா நினைவிடத்தில் வைத்திருக்கும் இறந்தோர் பட்டியலில் பெயர் ஏறுகிறது. ஒவ்வோர் ஆகஸ்ட் 6ஆம் தேதியும் புதுப் பெயர்கள் சேர்கின்றன.

ஆங்கிலத்தில் சர்வைவர் என்றுதானே எழுதுகிறார்கள் என்பார்கள். எழுதுகிறார்கள்தான். ஆனால் ஹிதான்கியோ தனக்கு வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயரில் சஃபரர்ஸ், அதாவது துன்புற்றோர், என்றுதான் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆங்கிலச் செய்தியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துத் தமிழாக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

‘கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டோர்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அதற்கும் ஜப்பானியத்தில் ஒலி ஹிபாகுஷாதான், பாகுவின் எழுத்து மட்டும் வேறு. அணு உலை விபத்தில் கதிர்வீச்சு பட்டவருக்கு அது பொருந்தும். குண்டின் அனலிலும் இடிந்த வீட்டின் அடியிலும் சிக்கியவரை அந்தத் தொடர் விட்டுவிடுகிறது.

சரி, எதை வைக்கலாம்? தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘அணுவெடியுண்டார்’ என்றார். வெட்டுண்டார் போல இலக்கணம் சரிதான். செய்தி வாசிப்பவர் ‘வெடி உண்டார்’ என்று பிரித்து வாசித்தால் என்ன செய்வது? ‘குண்டுபட்டோர்’ எனக்கே ஆசைதான், ‘படு’ அப்படியே அவர்களுடைய ஹி. ஆனால் நம் ஊரில் குண்டு பட்டவர் என்றால் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். அதனால் என் ஓட்டு ‘அணுகுண்டுக்கு ஆளானோர்’ என்பதற்கு. நீளம்தான், ஆனாலும் பொருள் பிசகவில்லை. அடுத்த வரியிலிருந்து ஹிபாகுஷா என்றே எழுதிவிட்டுப் போகலாம். 2017இன் அணு ஆயுதத் தடை ஒப்பந்தமே அந்தச் சொல்லை மாற்றாமல் எடுத்துக்கொண்டது.

அப்புறம், பள்ளிகளில் ‘ஹிரோஷிமா தினம் கொண்டாடினோம்’ என்று அறிக்கை எழுதுகிறார்களே, அதைப் பற்றித் தனியாகத்தான் புலம்ப வேண்டும்.