ஃபிலிபஸ்டர்: கடற்கொள்ளையில் பிறந்து செனட்டில் குடியேறிய சொல்

அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா ஃபிலிபஸ்டரால் முடங்கியது என்று செய்தி வந்தால், யாரோ ஒரு செனட்டர் விடிய விடியப் பேசியிருப்பார் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். இன்றைக்குப் பெரும்பாலும் அப்படி யாரும் வாயே திறப்பதில்லை. ஒரு மசோதா மீது வாக்கெடுப்பு நடக்க வேண்டுமானால் முதலில் அதன் மீதான விவாதம் முடிய வேண்டும். அதை முடியவிடாமல் வைத்திருப்பதுதான் ஃபிலிபஸ்டர். நீண்ட பேச்சு அதற்கான ஒரு கருவி மட்டுமே.

சொல்லின் வேர் டச்சு மொழியில் இருக்கிறது. 'வ்ரெய்' என்றால் கட்டற்ற, 'பெய்ட்' என்றால் கொள்ளைப்பொருள். இரண்டும் சேர்ந்து கட்டுப்பாடில்லாமல் கொள்ளையடிப்பவனைக் குறித்தன. ஆங்கிலத்தின் 'ஃப்ரீபூட்டர்' இதற்கு உடன்பிறப்பு. பிரெஞ்சில் 'ஃப்லிபுஸ்தியே', ஸ்பானிய மொழியில் 'ஃபிலிபுஸ்தேரோ' என்று மாறி, கரீபியக் கடலில் திரிந்த கொள்ளையருக்குப் பெயராயிற்று. 1850-களில், அமெரிக்காவிலிருந்து தனிப்படை திரட்டிக்கொண்டு கியூபா, மெக்சிகோ, நிகரகுவா என்று படையெடுத்தவர்களை இப்படி அழைத்தார்கள். வில்லியம் வாக்கர் என்பவர் 1856-இல் நிகரகுவாவின் அதிபராகவே தன்னை அமர்த்திக்கொண்டார். 1860-இல் ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே 1850-களில்தான், அவை நடவடிக்கையைத் தனியாளாகக் கைப்பற்றி வைத்துக்கொள்பவர்களையும் இந்தப் பெயரால் ஏசத் தொடங்கினார்கள். வசைச் சொல்லாக வந்ததுதான் நாளடைவில் நடைமுறைச் சொல்லாக நிலைத்தது.

இதற்கு இடம் கொடுத்த ஓட்டை இன்னும் பழையது. விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போகச் சொல்லும் தீர்மானத்துக்கான விதியை, அதிகம் பயன்படவில்லை என்று 1806-இல் செனட் தன் விதிப்புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டது. நாடாளுமன்றத்தின் மற்றோர் அவையான பிரதிநிதிகள் சபை அந்த விதியை விட்டுவிடவில்லை. செனட்டை உருவாக்கியவர்களே சிறுபான்மையைக் காக்க ஃபிலிபஸ்டரை வைத்தார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

1917-இல் வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் பொருத்தும் மசோதாவைச் சில செனட்டர்கள் பேசியே சாகடித்தார்கள். அதிபர் வில்சன் கொதித்துப்போனார். அதன் பிறகு வந்ததுதான் விதி 22: அவையில் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் விவாதத்தை முடிக்கலாம். இதன் பெயர் 'க்ளோச்சர்'. காகிதத்தில் இருந்ததே தவிர, கறுப்பின மக்களின் உரிமைக்கான மசோதாக்களை மீட்க அது அரை நூற்றாண்டுக்கு உதவவில்லை. கும்பல் கொலைக்கு எதிரான மசோதாக்கள் 1922-லும் 1930-களிலும் தென்மாநில செனட்டர்களின் இழுத்தடிப்பிலேயே மடிந்தன. அப்படி ஒரு சட்டம் நிறைவேறியது 2022-இல்தான்.

பேசி இழுத்தடிப்பவருக்கு விதிகள் கடுமையானவை. நின்றுகொண்டே பேச வேண்டும்; உட்கார்ந்தால் பேசும் உரிமை போய்விடும். அவையை விட்டு வெளியேறக் கூடாது. கேள்வி கேட்பதற்காக மட்டும் மற்றவருக்கு இடம்விடலாம். 1957-இல் குடிமை உரிமை மசோதா ஒன்றைத் தடுக்க தென்மாநில செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசியபோது, சிறுநீர் கழிக்கும் தேவை வராமலிருக்க முன்னதாகவே நீராவிக் குளியல் போட்டு உடலின் நீரை வற்றவைத்துக்கொண்டு வந்தார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை வரிசையாக வாசித்தார். அவர் முடித்த சிறிது நேரத்திலேயே மசோதா நிறைவேறிவிட்டது என்பது வேறு கதை.

ஆனால் இந்த விளையாட்டில் அதிகம் களைத்துப்போவது பெரும்பான்மைக் கட்சிதான். இழுத்தடிப்பவர்களுக்கு அவையில் ஓரிருவர் இருந்தால் போதும். அவர்களில் ஒருவர் எழுந்து "கோரம் இல்லை", அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் இல்லை என்று சொல்லிவிட்டால், நள்ளிரவானாலும் 51 பேரைக் கூட்டி வர வேண்டிய பொறுப்பு பெரும்பான்மையின் தலையில் விழும். 1960-இல் செனட்டர்கள் படுக்க அவைக் கட்டடத்திலேயே கட்டில்கள் போட்டார்கள்.

1964-இன் குடிமை உரிமைச் சட்டத்துக்கான இழுபறி இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஜூன் 10 அன்று 71-29 என்ற கணக்கில் விவாதம் முடிக்கப்பட்டது. மூளைப் புற்றுநோயால் பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளை சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது கையைத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் 'ஆதரவு' என்று வாக்களிக்கச் சொல்லும் சொல்லும் கண்ணைக் குறிக்கும் சொல்லும் 'ஐ' என்ற ஒரே ஒலி.

1970-களில் இரண்டு மாற்றங்கள் வந்தன. முடங்கிய மசோதாவை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலையைக் கவனிக்கும் இரட்டைத் தட முறை ஒன்று. 1975-இல் தேவையான எண்ணிக்கையை மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60 என்று குறைத்தது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து இழுத்தடிப்பைச் செலவில்லாத காரியமாக்கிவிட்டன. இப்போது நின்று பேசத் தேவையில்லை. எதிர்ப்போம் என்று தெரிவித்தாலே போதும்.

பெரும்பான்மைக் கட்சி செய்ய வேண்டியது இது. 16 செனட்டர்கள் கையெழுத்திட்ட முடிப்பு மனுவைத் திங்களன்று தாக்கல் செய்தால், செவ்வாய் இடைவெளி. புதனன்று அவை கூடி ஒரு மணி நேரம் கழித்து வாக்கெடுப்பு. 60 கிடைத்தாலும் அதற்குமேல் 30 மணி நேரம் வரை விவாதிக்கலாம். மசோதாவை எடுத்துக்கொள்வதா என்பதற்கே ஒருமுறை, மசோதாவுக்கு மறுமுறை என இதை இரண்டு தடவை நடத்த வேண்டிவரும்.

செய்தி வாசிப்பவர்கள் தடுமாறுவது இங்கே: மசோதா நிறைவேற 60 வாக்கு தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். 60 என்பது விவாதத்தை முடிக்க. வராதவரும் எதிர்த்தவர் கணக்கில்தான் சேருவார். 2021 ஜனவரி 6 கலவரத்தை விசாரிக்க ஆணையம் அமைக்கும் மசோதா அந்த ஆண்டு மே 28 அன்று 54-35 என்ற கணக்கில் 'தோற்றது' அப்படித்தான். சில சமயம் பெரும்பான்மைத் தலைவரே தன் மசோதாவுக்கு எதிராக வாக்களித்திருப்பார். கட்சி மாறிவிட்டார் என்று எழுதிவிடக் கூடாது. வென்ற பக்கம் வாக்களித்தவர்தான் மறுவாக்கெடுப்பு கேட்க முடியும் என்பதால் செய்யும் ஏற்பாடு அது.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. வரி, செலவு தொடர்பான பட்ஜெட் சமரச மசோதாவுக்கு விவாத நேரம் 20 மணி என்று சட்டமே வரையறுத்துவிட்டதால் 51 போதும். கீழ் நீதிபதிகள், அமைச்சர்கள் நியமனத்துக்கு 2013-லும், உச்ச நீதிமன்ற நியமனத்துக்கு 2017-லும் இந்தத் தடையைத் தளர்த்திவிட்டார்கள்.

இனி தமிழ். 'நெடும்பேச்சு', 'தடைப்பேச்சு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். பேச்சே இல்லாத இன்றைய வடிவத்துக்கு இவை ஒட்டவில்லை. 'அமளி', 'வெளிநடப்பு' என்பவை அடியோடு தவறு. இது விதிக்கு உட்பட்டே நடப்பது. 'முட்டுக்கட்டை' நல்ல சொல்தான், ஆனால் எந்தத் தடைக்கும் பொருந்திவிடும். நம் பரிந்துரை 'விவாத இழுத்தடிப்பு'. கோர்ட் வாய்தா முதல் கடன் பாக்கி வரை எல்லாருக்கும் தெரிந்த வினை என்பதால் "மசோதாவை இழுத்தடித்தார்கள்" என்று தயங்காமல் எழுதலாம். க்ளோச்சருக்கு 'விவாத முடிப்பு'. நம் மக்களவையில் விவாத முடிப்புக்கு, சபாநாயகர் தீர்மானத்தை ஏற்றுக்கொண்டால், சாதாரணப் பெரும்பான்மையே போதும். அதனால்தான் அங்கே இந்த நோய் இல்லை.

2025-இல் செனட்டர் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசியதைப் பலர் ஃபிலிபஸ்டர் என்றே எழுதினார்கள். அவர் தடுக்க முனைந்த மசோதா எதுவும் அப்போது அவை முன் இல்லை. 'நெடும்பேச்சு' என்ற சொல்லை அந்த மாதிரி சந்தர்ப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.