ஆயிலுக்கும் சூடு வேண்டும்

டிசம்பர் விடுமுறைக்கு மலேசியாவின் கேமரன் மலை போய்த் திரும்பிய நண்பர், காரின் ஆயில் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பால் தூக்கலான காப்பி நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு. "இன்ஜின் போச்சா?" என்றார். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் அளவு குறையவில்லை. இன்ஜினின் மேல்பகுதியை அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட் கசிந்திருந்தால் குறைந்திருக்கும். ஆயிலோடு ஈரம் கலந்த குழம்புதான் அது.

ஈரம் எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிக் கிளம்பிவிடும். சூடேறாவிட்டால் அங்கேயே தங்கும்.

நண்பர் தனியாக ஓர் ஆயில் கூலர் பொருத்தியிருந்தார்; ஆயிலைக் காற்றால் குளிர்விக்கும் சாதனம் அது. ஆயில் சூடேறும்வரை அதற்குப் போகும் வழியை அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட் அதில் இல்லை. சிங்கப்பூரின் 32 டிகிரி வெயிலில் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. மலை இரவிலோ 16 டிகிரிதான். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலை குறைவு, எரியும் பெட்ரோலும் குறைவு. கூலர் மீது மட்டும் குளிர்காற்று விடாமல் அடித்தது. ஆயிலின் சூட்டைக் காட்டும் மீட்டர் 65 டிகிரிக்கு இறங்கியதாம். கூலண்ட் முள் நடுவில் நின்றதால் அவர் கவலைப்படவில்லை. பலரும் ஏமாறும் இடம் இது. கூலண்ட் சில நிமிடங்களில் சூடாகும்; ஆயில் நிதானமாகத்தான் சூடாகும்.

குளிர்ந்த ஆயில் கெட்டியானது. கார்களில் பரவலாக ஊற்றும் 5டபிள்யூ-30 ரக ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஐந்தாறு மடங்கு கெட்டி. அதைத் தள்ள பம்ப் திணறும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது ஒரு சிறு மெழுகுக் குப்பி. சுமார் 80 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து ஊசியைத் தள்ள, கூலருக்குப் போகும் வழி திறக்கும். அதுவரை ஆயில் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயில் கசிந்து போகும்படி பல தெர்மோஸ்டாட்டுகளை அமைக்கிறார்கள். கூலரில் உறைந்தாற்போல் கிடக்கும் ஆயில் திடீரென்று உள்ளே பாயாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. கடுங்குளிர் நாடுகளில் இதுவும் போதாமல், கூலரின் முகப்பை அட்டையால் மறைப்பவர்கள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது, பல கார்களில் கம்பெனியே வைத்துத் தரும் கூலண்ட் வழிக் கூலர். காலையில் முதலில் சூடாகும் கூலண்ட் ஆயிலுக்குச் சூட்டைக் கொடுக்கிறது; ஆயில் அதை மிஞ்சியதும் சூட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஒரே பெட்டி, இரண்டு வேலை!

குளிரே இல்லாத இங்கும் இதே குழம்பு சேரலாம். தெம்பனிசிலிருந்து பிடோக் சந்தைக்கு மட்டும் தினம் போய்வரும் காரில் ஆயில் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். வாரம் ஒருமுறை எக்ஸ்பிரஸ்வேயில் அரை மணி நேரம் ஓட்டினால் ஈரம் வெளியேறும்.

நண்பர் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் போட்டுக்கொண்டார். பிஐஇ எக்ஸ்பிரஸ்வேயில் இப்போது அவருடைய ஆயில் மீட்டர் 95-இல் நிற்கிறது.