‘வரையறுக்கப்பட்ட நழுவல் வகையீடு’ என்னும் பிழை: எல்எஸ்டிக்குத் தமிழில் என்ன பெயர்?

ஸ்போர்ட்ஸ் காரின் பின்னச்சை வீட்டிலேயே இறக்கிப் பிரித்து, தேய்ந்த தகடுகளை மாற்றிப் பூட்டும் வெளிநாட்டு ஆர்வலர்களின் காணொளிகளில் இப்போது தமிழ் வரிகள் ஓடுகின்றன. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போய்வரும் இளைஞர்களும் அவற்றைப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு பின்சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதை அடக்கும், ஆங்கிலத்தில் ‘லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்’ எனப்படும், எல்எஸ்டி என்று நம் பணிமனைகள் அழைக்கும் உறுப்பு வரும் இடத்திலெல்லாம் ‘வரையறுக்கப்பட்ட நழுவல் வகையீடு’ என்ற தொடர் திரையில் வந்து நிற்கிறது. இதில் உள்ள மூன்று சொற்களும் தவறானவை. இது போதாதென்று, இதைத் திருத்த முன்வந்தவர்கள் ‘நழுவாப் பல்லிணை’ என்றொரு சொல்லைப் பரப்பி வருகிறார்கள். அது முன்னதைவிடக் கேடானது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

டிஃபரன்ஷியல் என்பதன் வேர் வேறுபடுதலைக் குறிக்கும் லத்தீன் சொல். கணிதத்தில் அச்சொல் நுண்கணிதத்துக்குள் போனது. நம் பாடநூல்கள் அங்கே அதை ‘வகையீடு’ என்ற குடும்பத்துச் சொற்களால் குறித்தன. அது கணிதத்துக்குச் சரி. இயந்திரவியலில் அதே ஆங்கிலச் சொல் ஒரு பற்சக்கரத் தொகுதிக்குப் பெயராயிற்று. பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கூர் 1827-இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதால், கணித வகுப்பின் வகையீடு காரின் பின்னச்சுக்குள் வந்துவிட்டது.

இந்தத் தொகுதி செய்யும் வேலை இதுதான். மாட்டு வண்டியில் இரண்டு சக்கரங்களும் இருசில் தனித்தனியே சுழல்கின்றன. எனவே திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்றுவதில் தடையில்லை. காரில் எஞ்சின் இரண்டு பின்சக்கரங்களையும் தள்ளியாக வேண்டும். அதே நேரத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். எஞ்சினின் சுழற்சியை வாங்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலோடு சுற்றும் கூட்டுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் அதை நடத்திக் கொடுக்கின்றன. அவை முறுக்குவிசையை, அதாவது சுழற்றும் விசையை, இருபுறமும் சமமாகவே பகிரும் என்பதுதான் இதன் குறை. மழைக்காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் சேற்றில் ஒரு சக்கரம் இறங்கிவிட்டால், அச்சக்கரத்தைச் சுற்றுவதற்கு எவ்வளவு குறைந்த விசை போதுமோ அவ்வளவே மறுபுறத்துக்கும் கிடைக்கும். ஒன்று சும்மா சுற்றும், மற்றது நின்றுவிடும். பந்தயத் திருப்பத்தில் எடை குறைந்து போன உட்சக்கரத்துக்கும் இதுவே நேர்கிறது.

1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் வலிமை மிகுந்த எஞ்சின்கள் இந்தக் குறையைப் பெரிதாக்கியபோது, ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் இரு சக்கரங்களின் வேக வேறுபாட்டை உள்ளுக்குள்ளேயே உராய்வால் அடக்கும் அமைப்பை உருவாக்கியது. இன்று வீட்டில் பிரித்துப் பூட்டக்கூடியதாகப் பெரும்பாலும் கிடைப்பது அந்த வழியில் வந்த தகடு வகை. எஃகுத் தகடும் உராய்வுத் தகடும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். எஞ்சின் தள்ளும்போது சாய்தளம் வெட்டிய வளையங்கள் விலகி அத்தகடுகளை நெரிக்கும். தகடுகள் பிடிக்கும் அளவுக்கு, பிடிமானமுள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசை போகும்.

ஜெர்மானியர் இதை ‘ஷ்பெர்டிஃபெரென்ட்ஸியால்’ என்கிறார்கள். ‘ஷ்பெர்’ என்பது அடைப்பை, தடுப்பைக் குறிப்பது. பழைய பிஎம்டபிள்யூ கார்களின் பின்னச்சுக் கூட்டில் தொங்கும் அடையாளத் தகட்டில் பல் விகிதத்துக்கு முன்னால் ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தால், உள்ளே இருப்பது இந்த வகை என்று பொருள். பிஎம்டபிள்யூவின் இ30 எம்3 காரில் அதன் தடுப்பளவு 25 விழுக்காடு. அதாவது மொத்த முறுக்குவிசை 100 என்றால், இருபுறப் பங்கு 62.5-க்கு 37.5 என்ற அளவு வரை விலகலாம். இந்தப் பெயர் உறுப்பு செய்யும் வேலையைச் சொல்கிறது. ஆங்கிலப் பெயரோ விளைவை மட்டும், அதையும் அரைகுறையாகச் சொல்கிறது. நாம் ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்து மொழிபெயர்த்ததில்தான் சிக்கல் தொடங்கியது.

முதலில் ‘வரையறுக்கப்பட்ட’ என்பதைப் பார்ப்போம். வரையறுத்தல் என்றால் ஒன்றின் எல்லையை அல்லது பொருளைத் தீர்மானித்து உரைத்தல். கம்பெனிப் பெயர்ப் பலகைகளில் ‘லிமிடெட்’ என்பதற்கு இச்சொல்லை எழுதிப் பழகியதால், அந்த ஆங்கிலச் சொல் எங்கு வந்தாலும் இதையே போடுகிறார்கள். உராய்வுத் தகடு எதையும் வரையறுப்பதில்லை, அது அடக்குகிறது.

அடுத்து ‘நழுவல்’. தமிழில் வழுக்குதல், சறுக்குதல், நழுவுதல் மூன்றும் வேறு வேறு. தரையின் மழமழப்பால் கால் தவறுவது வழுக்குதல். சரிவில் இறங்குவது சறுக்குதல். பிடியிலிருந்து விலகுவது நழுவுதல். சேற்றில் சிக்கிய சக்கரம் செய்வது இவற்றில் எதுவுமில்லை. நம் ஓட்டுநர்கள் அதைச் ‘சக்கரம் சும்மா சுத்துது’ என்று சரியாகவே சொல்கிறார்கள். தகடுகளுக்கு இடையே நடப்பதை நழுவுதல் எனலாம். ஆனால் அது சக்கரத்தில் நடப்பதற்கு நேர் மாறான இடத்தில் நடப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எது அடக்கப்படுகிறது, எது அடக்குகிறது என்பது வாசகருக்கு விளங்காது.

இனி ‘நழுவாப் பல்லிணை’. கேட்பதற்குச் சுருக்கமாக, தூய தமிழாக இருக்கிறது என்பதே இதன் ஆதரவாளர்கள் சொல்லும் காரணம். நானும் தூய தமிழை விரும்புகிறவன்தான். அதனாலேயே பொய்யான பொருள் தரும் தூய சொல்லை ஏற்க முடியவில்லை. இந்த உறுப்பு நழுவும்படியே வடிவமைக்கப்பட்டது. தகடுகள் ஒரு குறிப்பிட்ட முறுக்குவிசை வரை பிடித்து, அதற்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்காவிட்டால் கார் திரும்பாது. ஒருவர் தகடுகளை மாற்றிப் பூட்டியபின், கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு சக்கரத்தைத் தரையில் ஊன்றி, மற்றதைத் தூக்கி, முறுக்குவிசை காட்டும் ஸ்பானரால் திருப்பிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையேட்டில் சொன்ன அளவில் சக்கரம் திரும்பத்தான் வேண்டும். ‘நழுவா’ என்ற பெயரை நம்பியவர் அதைப் பழுது என்று எண்ணி, மீண்டும் பிரித்துத் தடித்த தகடுகளைப் போட்டு இறுக்குவார். விளைவாக, குறுகிய திருப்பத்தில் டயர் கிறீச்சிடும், பின்னச்சு அதிரும், கார் திரும்ப மறுத்து நேரே தள்ளும்.

இன்னொரு குழப்பமும் இதிலிருந்தே பிறக்கிறது. இரு சக்கரங்களையும் முழுதாகப் பிணைத்துவிடும் லாக்கர் வகை வேறொன்று இருக்கிறது. மகிந்திரா தாரின் பின்னச்சில் வந்த ஈட்டன் அமைப்பு அப்படிப்பட்டது. ‘நழுவா’ என்ற அடைமொழிக்கு ஓரளவேனும் உரிமை உடையது அதுதான். அந்தப் பெயரை எல்எஸ்டிக்குக் கொடுத்துவிட்டால் லாக்கருக்கு என்ன பெயர் வைப்பது? ‘பல்லிணை’ என்பதும் பொருந்தவில்லை. பற்சக்கரங்களின் எந்த இணைப்பையும் அது குறிக்கும். கியர்பாக்ஸ் முழுவதும் பல்லிணைகள்தாம்.

என் பரிந்துரை இது. டிஃபரன்ஷியலை ‘வேறுசுழற்றி’ எனலாம். இரு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழலவைப்பது என்று பெயரே வேலையைச் சொல்லும். குளிரூட்டி, முடுக்கி போன்ற சொற்களின் வாய்பாட்டில் அமைந்தது. எல்எஸ்டிக்குப் ‘பிடிப்பு வேறுசுழற்றி’. கிளட்ச் ‘பிடிக்கிறது’, ‘பிடிக்கவில்லை’ என்று சென்னையின் வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலும் பேசுகிறார்கள். அந்தப் பிடிப்புதான் இங்கும் வேலை செய்கிறது. சாதாரண வகை ‘திறந்த வேறுசுழற்றி’, லாக்கர் ‘பூட்டு வேறுசுழற்றி’ என்று வரிசையும் தடையின்றி அமைகிறது. டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்போடு இது குழம்பாதா என்று கேட்கலாம். அதற்குப் ‘பிடிமானம்’ என்ற சொல் வழக்கில் உள்ளது. எழுதுகிறவர்கள் இரண்டையும் பிரித்து எழுதினால் போதும். எல்எஸ்டியில் வேறு வகைகளும் உண்டு. பற்சக்கரங்களின் உந்தலாலேயே வேலை செய்யும் டார்சென் வகையில் தகடே இல்லை, விஸ்கஸ் வகையிலோ சிலிக்கோன் திரவம் மூடிய கூட்டுக்குள் இருக்கிறது. பெயருக்கு முன் அடைமொழி சேர்த்துத் தகட்டுப் பிடிப்பு, பல்லுந்தல் பிடிப்பு, திரவப் பிடிப்பு என்றால், எதற்கு உராய்வுத் தகடு வாங்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே காணொளி வரிகளில், கிரவுன் வீலுக்கும் அதைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி (பேக்லாஷ்) ‘பின்னடைவு’ ஆகியிருக்கிறது. தகடுகள் விட்டுக்கொடுக்கத் தொடங்கும் அளவு (பிரேக்அவே டார்க்) ‘உடைவு முறுக்குவிசை’ ஆகியிருக்கிறது. முதலாவதற்குச் சென்னையில் எந்தப் பணிமனையிலும் ‘ஆட்டம்’ என்ற நல்ல தமிழ்ச் சொல் உண்டு. இரண்டாவதைப் படிக்கிறவர் எதுவோ உடையும் என்று அஞ்சிச் சோதனையையே விட்டுவிடுவார். இத்தகைய வரிகளை எழுதுமுன் ஒரு மெக்கானிக்கின் அருகே அரைநாள் நிற்பது அகராதியைப் புரட்டுவதைவிடப் பயன் தரும். அப்படி நின்று எழுதினால் அக்காணொளியின் கடைசிப் பகுதி இப்படி அமைந்திருக்கும்: ‘பிடிப்பு வேறுசுழற்றியின் தகடுகளை எண்ணெயில் ஊறவைத்த பின், பிரித்த வரிசையிலேயே அடுக்குங்கள். தாங்கிகளின் மூடிகளை வலம் இடமாக மாற்றிவிடாதீர்கள். பற்களின் ஆட்டத்தை டயல் கேஜால் அளந்து, கையேட்டின் அளவுக்கு ஷிம் எனும் மெல்லிய வளையம் வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு சக்கரத்தை ஊன்றி மற்றதைத் திருப்பி, தகடுகள் எந்த அளவில் விடுகின்றன என்று பாருங்கள்.’